சீக்கிரம் முடிந்துபோன வேலை

எங்கள் தொழிலில் ஒரு கேடு உண்டு. வேலையை ஒழுங்காகச் செய்தால் சீக்கிரம் மூட்டை கட்ட வேண்டும். சொதப்பினால் இன்னும் கொஞ்ச காலம் அதே ஊரில் சம்பளத்தோடு உட்கார்ந்திருக்கலாம். நான் சுரங்கங்களில் நடக்கும் கட்டுமான வேலைக்குத் திட்டம் போடுகிறவன். கல் உடைக்கும் கிரஷர், கல்லைச் சுமந்துபோகும் பெல்ட், லாரி ஓடும் பாதை, பட்டறை என்று சுரங்கத்துக்குள் எதைக் கட்டினாலும், எது முதலில், எது பிறகு, யாரால் யார் சும்மா காத்துக் கிடக்கிறார்கள் என்று பார்ப்பது என் பிழைப்பு. ஒடிசா, சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று சுற்றாத இடமில்லை. எங்கே போனாலும் ஒரு தகரக் கொட்டகை, ஒரு கட்டில், ஒரு போன். இதில் பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை.

வடக்கே மழை புரட்டாசியோடு ஓயும். மழை ஓய்ந்த பிறகுதான் மண் வேலையில் கை வைக்க முடியும். ஆகவே ஊரெல்லாம் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றும்போது எங்களுக்கு வேலை தொடங்கும். அப்போது லீவு கேட்டால் மேலே உள்ளவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். பொங்கலுக்குப் போய்க்கொள் என்பார். களக்காட்டில் மாமனார் வீட்டில் தலை தீபாவளி கொண்டாடியதோடு சரி. அதன் பிறகு ஒரு தீபாவளிக்கும் நான் வீட்டில் இருந்ததில்லை. என் மகள் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், அவளோடு சேர்ந்து ஒரு கம்பி மத்தாப்புகூட நான் கொளுத்தியதில்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்பா, தெரியுதா, தெரியுதா" என்று கேட்பாள். தெரிகிறது என்பேன். புகைதான் தெரியும்.

அப்படிப்பட்டவனுக்குத் திருநெல்வேலிக்கு வடக்கே ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை வந்தது. புதிய கிரஷர் ஒன்று, அங்கிருந்து சிமெண்ட் ஆலைவரை கல்லைக் கொண்டுபோக நீளமான பெல்ட் ஒன்று. பொங்கல் கழிந்து தொடங்கினால் அடுத்த மார்கழிவரை இழுக்கும் என்று ஒப்பந்தம். செய்தி கேட்டதும் போனை வைத்துவிட்டு நான் செய்த முதல் காரியம், இடையில் தீபாவளி வருகிறதா என்று பார்த்தது. வந்தது. என் மனைவி பாளையங்கோட்டையில் அரசுப் பள்ளி ஆசிரியை. எதற்கும் சட்டென்று சந்தோஷப்படாத ஆள். அவளே, "அப்போ இந்தத் தீபாவளிக்கு இருப்பீங்கல்லா?" என்று மூன்று தடவை கேட்டாள். இருப்பேன் என்று மூன்று தடவையும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்த புதிதில் மகள் நான் இருக்கும் அறைக்கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருவாள். விருந்தாளி தங்கியிருக்கும் அறைக்குள் போவதுபோல. கொஞ்ச நாளில் தட்டுவதை விட்டாள். பிறகு என் தட்டிலிருந்து அப்பளத்தை எடுக்கத் தொடங்கினாள். காலையில் அவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுச் சுரங்கத்துக்குப் போவேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் என் சொந்த ஊரான சீவலப்பேரிக்குப் போய் ஆற்றில் முங்கிவிட்டு, திரும்பும் வழியில் பரோட்டா வாங்கிக்கொண்டு வருவோம். இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பவர்கள் தினமும் வீட்டில் சாப்பிடுகிறவர்கள். எனக்கு ஒவ்வொரு சாயங்காலமும் பயமாகவே இருக்கும். வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே வீட்டை நினைத்து ஏங்குகிற மனிதனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அப்படித்தான் இருந்தேன்.

இனி வேலைக்கு வருகிறேன். எங்கள் கம்பெனி அந்தச் சுரங்கத்தில் 'லீன்' என்ற முறையில் திட்டம் போடச் சொன்னது. பெயர் கேட்டு மிரள வேண்டியதில்லை. பழைய முறையில் என்னைப் போன்ற ஒருவன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஓர் அட்டவணை போடுவான், அதை வைத்துக்கொண்டு எல்லாரையும் விரட்டுவான். இந்த முறையில் விரட்டல் கிடையாது. ஒரு நீளச் சுவரில் தாள் ஒட்டி, அதன் வலது ஓரத்தில் 'பெல்ட் ஓடும் நாள்' என்று எழுதுவோம். பிறகு பின்னாலிருந்து வர வேண்டும். பெல்ட் ஓட வேண்டுமானால் அதற்கு முந்தின நாள் எது முடிந்திருக்க வேண்டும்? அதற்கு முன்னால் எது? வேலையைச் செய்யப்போகிறவரே தன் கையால் வண்ணச் சீட்டில் எழுதித் தானே ஒட்ட வேண்டும். கான்கிரீட் வேலைக்கு ரோஸ், பெல்ட் பூட்டும் வேலைக்கு மஞ்சள், கரண்டு வேலைக்குப் பச்சை. ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் சுவருக்கு முன் கூடி, இந்த வாரம் எதை முடிப்பேன் என்று அவரவர் வாக்குக் கொடுக்க வேண்டும். அடுத்த திங்கட்கிழமை கேள்வி ஒன்றுதான்: முடிந்ததா, இல்லையா? முக்கால்வாசி முடிந்துவிட்டது என்ற பேச்செல்லாம் செல்லாது. முடியவில்லை என்றால் ஏன் என்று சுவரில் காரணம் எழுத வேண்டும்.

இதில் உயிர்நாடி ஒன்று இருக்கிறது. முடியாததை முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் அவரை நம்பி அடுத்தவர் ஆளையும் கிரேனையும் கொண்டுவந்து நிறுத்தாமல் இருப்பார். இங்கேதான் எங்கள் ஊர் என்னைக் கவிழ்த்தது.

கான்கிரீட் வேலை முழுவதும் திசையன்விளைக்காரர் ஒருவர் கையில் இருந்தது. ஐம்பதைத் தாண்டியவர், வெள்ளைச் சட்டை, எந்நேரமும் நெற்றியில் வியர்வை. எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றோம். நல்ல மனிதர், கெட்டிக்காரர், ஆனால் வாயில் 'முடியாது' என்ற சொல் வராது. எதைக் கேட்டாலும் "பாத்துக்கிடலாம்" என்பார். நம் பக்கத்தில் அதற்கு எத்தனையோ அர்த்தம். செய்துவிடலாம் என்றும் உண்டு, கடவுள் விட்ட வழி என்றும் உண்டு, இந்தப் பேச்சை விடு என்றும் உண்டு. வடக்கே பாதி வாழ்நாளைக் கழித்த நான், இதே ஊரில் பிறந்தவன், சுத்தமாக மறந்துபோய் அதைச் 'சரி' என்று சுவரில் ஏற்றிக்கொண்டேன்.

கிரஷரைத் தூக்கி வைக்கும் வாரம் அது வெடித்தது. அடித்தளம் தயாராகிவிடும் என்று அண்ணாச்சி சொன்னதை நம்பி, வாடகைக் கிரேன் தூத்துக்குடியிலிருந்து ஆடி அசைந்து வந்து நின்றது. அடித்தளத்தில் பாதிக் கம்பிதான் கட்டியிருந்தது. பெல்ட் பூட்டும் கூட்டம் முழுவதும் உடைமர நிழலில் படுத்துக் கிடந்தது. எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போனார்.

"மூஞ்சிக்கு நேர முடியாதுன்னு சொல்ல எனக்கு நாக்கு வராது வே. கடைக்கு வந்தவன்ட்ட இல்லன்னு சொல்லாத வீட்டுல வளந்தவன் நான். நீரு என்ன ஏசினாலும் அது வராது."

ஏசுவதற்கு எனக்கும் தெம்பு இல்லை. இருவரும் டீ குடித்தோம். அங்கேயே ஒரு வழி பிறந்தது. வாயால் சொல்ல வேண்டாம், முடியாத வேலையின் சீட்டைத் தலைகீழாக ஒட்டிவிடுங்கள் என்றேன். அடுத்த திங்கட்கிழமை அண்ணாச்சி சிரித்த முகத்தோடு வந்து எல்லாரிடமும் நலம் விசாரித்து, பாத்துக்கிடலாம் பாத்துக்கிடலாம் என்று சொல்லிக்கொண்டே நான்கு ரோஸ் சீட்டைத் தலைகீழாக ஒட்டினார். கூட்டத்தில் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் சுவர் பொய் சொல்லவில்லை. எல்லாரும் அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். காலையில் சுவரைப் பார்த்தாலே எங்கே முட்டும் என்று தெரிந்துவிடும்.

அதன் பிறகு வேலை பிய்த்துக்கொண்டு ஓடியது. சுரங்கத்தில் தினமும் நடுப்பகலில் வெடி வைப்பார்கள், அப்போது எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு விலகிப்போக வேண்டும். அதுவரை யாரும் அதைக் கணக்கில் எடுத்ததில்லை. சாப்பாட்டு நேரத்தை வெடி நேரத்தோடு சேர்த்தோம். மண்ணை ஓரிடத்தில் கொட்டி மறுபடி அள்ளுவதை நிறுத்தினோம். பெல்ட்டுக்கான தூண்கள் வருகிற வரிசையில் குழிகள் தோண்டினோம். ஆடி பிறந்தபோது நாங்கள் அட்டவணைக்கு வெகுதூரம் முன்னால் போயிருந்தோம். கம்பெனியிலிருந்து வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வேறு இடத்துச் சுரங்கங்களுக்கும் காட்டுவார்களாம்.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, கூட்டம் கலைந்த பிறகு தனியாக நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது ஓரத்திலிருந்த 'பெல்ட் ஓடும் நாள்' மார்கழியிலிருந்து நகர்ந்து நகர்ந்து ஐப்பசிக்கு வந்திருந்தது. தீபாவளிக்குச் சில நாள் முன்னால். அன்று மாலையே மேலிடத்திலிருந்து போன். ஒடிசாவில் இரும்புச் சுரங்கம், மழை விட்டதும் தொடக்கம், இங்கே பெல்ட் ஓடிய மறுநாள் கிளம்பி வா. உன்னைப் போல் ஆள் அங்கே அவசரமாக வேண்டும் என்றார்கள். என்னைப் போல் ஆளாம்! என் தீபாவளியை நானே சீட்டுச் சீட்டாகச் சுவரில் ஒட்டிச் சாப்பிட்டிருக்கிறேன்.

வீட்டில் சொன்னேன். மனைவி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டு, கொஞ்சம் பைய வேலை பார்த்தால்தான் என்ன என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நானும் விளையாட்டுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரம் முழுக்க அதைத்தான் யோசித்தேன். ஒரு சீட்டை நான் மறந்தாற்போல் விட்டாலே ஒரு வாரம் கிடைக்கும். ஒரே ஒரு வாரம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் திங்கட்கிழமை அத்தனை பேர் முகத்துக்கு முன்னால் நிற்கும்போது கை வரவில்லை. வேலைத்தளத்தில் அண்ணாச்சியிடம் மட்டும் ஒருநாள் புலம்பினேன். அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். பெல்ட் பூட்டும் கூட்டத்துக்கு ஒரு மேஸ்திரி, ஜார்க்கண்டுக்காரர். அவரும் அவர் ஆட்களும் சுரங்கத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் இருந்தார்கள். எனக்கு இந்தி தெரியும் என்பதால் ஓய்வு நேரத்தில் என்னோடு பேசுவார். தீபாவளி கழிந்த அதே வாரத்தில் அவர்கள் ஊரில் சத் பூஜை. பெண்கள் விரதமிருந்து ஆற்றில் இறங்கி நின்று சூரியனுக்கு நீர் விடுவார்கள், வீட்டு ஆண்கள் படையல் கூடையைத் தலையில் சுமந்து கரைக்குக் கொண்டுவர வேண்டும். அவருடைய மனைவிக்குக் கூடை சுமப்பது சில வருடங்களாக அவருடைய தம்பிதான். இந்தத் தடவை தானே சுமக்க வேண்டும் என்று எப்போதோ கூட்டம் முழுவதற்கும் ரயில் டிக்கெட் எடுத்துவிட்டார். பெல்ட் ஓடாமல் அவர்கள் நகர முடியாது. அந்த ரயிலை விட்டால் அந்தச் சமயத்தில் வேறு டிக்கெட் கிடைக்காது. அதனால் அவருக்கும் வலது ஓரத்துச் சீட்டின் மேல்தான் கண்.

கடைசி வாரத்துக்கான திங்கட்கிழமை வந்தது. பெல்ட்டின் கோடியில் மோட்டார் உட்காரும் மேடை மட்டும் அண்ணாச்சி பக்கம் சுவரில் இன்னும் ஏறாத பாக்கி. அது முடிந்தாயிற்று என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் அந்த வழியாகப் போனபோது பலகையெல்லாம் பிரித்து, கான்கிரீட் நன்றாக இறுகியிருந்ததைக் கையால் தொட்டே பார்த்திருந்தேன். அண்ணாச்சியின் முறை வந்ததும் வழக்கப்படி சீட்டை எடுத்தார். தலைகீழாக ஒட்டினார். ஒட்டிவிட்டு, அதுவரை அந்த அறையில் யாரும் அவர் வாயால் கேட்டிராத சொல்லைச் சொன்னார்.

"மோட்டார் மேடை இந்த வாரம் முடியாது."

ஏன் என்று கேட்பது என் வேலை. கேட்டேன்.

"மழை" என்றார்.

ஐப்பசி பிறந்தும் அந்த வருடம் மழை எட்டிப் பார்க்கவில்லை. வெளியே வெயிலில் கல்லெல்லாம் கண்ணைக் கூசவைத்தது. அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. கரண்டு வேலைக்காரர் வடையைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. எல்லாரும் பேசி வைத்திருக்கிறார்கள். நாக்கு வராத மனிதர் எனக்காக நாக்கை வளைத்திருக்கிறார். பேனாவை எடுத்துச் சுவரில் 'மழை' என்று எழுதினேன். ஒரு வாரம் கிடைத்துவிட்டது. மகளோடு மத்தாப்பு வாங்கப் போகலாம். விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம். எழுதி முடிப்பதற்குள் இத்தனையும் நினைத்துவிட்டேன்.

திரும்பினேன். ஜார்க்கண்ட் மேஸ்திரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் அரைகுறை. அவரிடம் யாரும் பேசி வைத்திருக்கவில்லை. ஒரு வாரமா என்று இந்தியில் மெதுவாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தலையை ஆட்டிக்கொண்டார். சரி, சரி, வேலை என்றால் அப்படித்தான் என்பது போன்ற ஆட்டல். சண்டை போடவில்லை, கெஞ்சவில்லை. பையிலிருந்து போனை எடுத்து டிக்கெட்டைப் பார்த்தார். அந்தத் தலையாட்டலை நான் எத்தனை தீபாவளிக்கு எத்தனை அதிகாரிகள் முன்னால் ஆட்டியிருக்கிறேன்!

"அண்ணாச்சி, மேடையை நான் பாத்துட்டேன்" என்றேன்.

"நீரு பாக்கல."

"பாத்தேன் அண்ணாச்சி. பலகை பிரிச்சாச்சு. தொட்டே பாத்தேன்."

அவர் என்னை முறைத்தார். "தீபாவளிக்கு வீட்டுல இருக்கணும்னு ஒமக்கு ஆசை இல்லையா வே?"

"இருக்கு அண்ணாச்சி. ரொம்ப இருக்கு. ஆனா அவரும் வீட்டுக்குத்தான் போகணும்."

அண்ணாச்சி மேஸ்திரியைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு அந்த ரயில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். எழுந்துவந்து சீட்டைப் பிய்த்து நேராக ஒட்டினார். நான் எழுதியிருந்த 'மழை'யைத் தன் கையாலேயே கோடு போட்டு அடித்தார். பிறகு வெளியே போய்விட்டார். எனக்குக் கொடுத்ததை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று வருத்தம். பெல்ட் ஓடும்வரை என்னோடு சரியாகப் பேசவில்லை.

பெல்ட் சொன்ன நாளில் ஓடியது. கல் அதில் ஏறி ஊர்ச் சாலைக்கு மேலே போனபோது, இத்தனை வருடம் லாரிப் புழுதி தின்ற ஜனங்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சீக்கிரம் முடித்துக் கொடுத்ததற்காம். அதைப் போர்த்திக்கொண்டு நின்றபோது வந்த எரிச்சல் இருக்கிறதே, சொல்லி மாளாது. மேஸ்திரி கிளம்பும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டு ஊருக்கு வாருங்கள் என்றார். ஒடிசா எல்லையைத் தாண்டினால் ஜார்க்கண்ட், அவர் ஊருக்குப் பக்கத்தில்தான் நான் போகிற சுரங்கமும். அவர்கள் அன்று மாலையே ரயில் ஏறினார்கள். எனக்கு மறுநாள் ரயில்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாச்சி சொன்னது, நான் எழுதியது, மேஸ்திரி தலையை ஆட்டியது, எதையும் விடவில்லை. அவள் நல்லதுதான் செய்தீர்கள் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அதற்காகத்தான் சொன்னேன் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். அவள் அப்படியே சொன்னாள். "நல்லதுதான் செஞ்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு என் பெட்டியை எடுத்துவைத்துத் துணிகளை மடிக்கத் தொடங்கினாள். மகள் உள்ளே படுத்துவிட்டாள். தூங்கவில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அலமாரியிலிருந்து ஒரு புதுச் சட்டையை எடுத்தாள். தீபாவளிக்கு எனக்கென்று அவளும் மகளும் போய் வாங்கி வைத்தது. காலரின் ஓரத்தில் மஞ்சள்கூடத் தடவியாயிற்று. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பெட்டியில் வைப்பதா, அலமாரியிலேயே வைப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு என்னை நிமிர்ந்து பார்க்காமல், கோபமே இல்லாத குரலில் சொன்னாள்.

"அந்த அண்ணாச்சி என்னைப் பாத்ததுகூட இல்ல. அவருக்கு எம்மேல இருந்த இரக்கம் உங்களுக்கு இல்லையே."